கோஷா டிரிப்பு

1. தலைகீழ்க் கிளிகள்

நான் முதன்முதலாக மோட்டார் காரில் ஏறியதே வேலைக்காகத்தான். காட்பாடி ஸ்டேஷனுக்கு எதிரே நாயுடு ஒருவர் தகரக் கொட்டகை போட்டு ஒரு வாடகை மோட்டார் வைத்திருந்தார். ரயிலில் வந்து இறங்கும் துரைமார்களையும் வக்கீல்களையும் வேலூர்க் கோட்டைக்கும் கோர்ட்டுக்கும் கொண்டுபோய் விடுவதுதான் அதன் பிழைப்பு. ஆம்பூர் பக்கத்துத் தோல் வியாபாரிகள் வீட்டுப் பெண்களுக்குக் கோட்டை பார்க்க ஆசை. ஆனால் அவர்கள் கோஷாவில் இருக்கிறவர்கள், வெளி ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். இடம் தெரிந்த ஒரு பொம்பளை கூட வந்தால் அனுப்புவோம் என்று அந்த வீடுகளிலிருந்து நாயுடுவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்போது நான் வேலூரில் மிஷன் சார்பில் முஸ்லிம் வீடுகளுக்குப் போய்ப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து வந்தேன். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படிப்பு. கணவர் காலராவில் போய்விட்டார். மகள் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாள். உருது நன்றாகப் பேசுவேன். தையல் வேலைக்கு ஆள் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த சமயத்தில்தான் நாயுடு என் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா எஸ்தரு, மோட்டார்ல போனா ஒனக்குத் தலை சுத்துமா?"

"ஏறினதே இல்லீங்களே."

"அப்ப நாளைக்கே தெரிஞ்சிடும். விடியக்காலம் ஷெட்டுக்கு வந்துடு."

எனக்குத் தலை சுற்றவில்லை. டிரைவர் கோவிந்தன்தான் பக்கத்தில் ஒரு பொம்பளையை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பழக்கமில்லாமல் வழியெல்லாம் வேர்த்துக் கொட்டினார். ஒல்லியான மனிதர், நெற்றியில் நாமம், காக்கிக் கோட்டு. வண்டி கேன்வாஸ் கூரை போட்டது. பின் சீட்டைச் சுற்றி நாயுடுவின் மனைவி தைத்துக்கொடுத்த பச்சைத் திரை தொங்கியது. ஆம்பூரில் எங்களைக் கூப்பிட்ட வீட்டு வாசலில் நிறுத்தியதும் கோவிந்தன் செய்த முதல் காரியம், பின் சீட்டு தெரியாதபடி எதிரே இருந்த சின்னக் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தது.

"பின்னால வர்ற வண்டி எப்டித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஆரன் அடிப்பான், தெரியும்" என்றார்.

அந்த வீட்டுக்காரரை ஊரில் எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் தோல் ஷாப்பு என்போம். பாலாற்றங்கரையில் அவருக்கு ஒரு பெரிய தோல் ஷாப்பு இருந்தது. அவர் மனைவி ஜைனப் பீ, புது மருமகள் நூர், இருவரும் வெள்ளைப் புர்காவில் வந்து ஏறினார்கள். ஜைனப் பீயின் தம்பி துணைக்கு வந்தார். முன் சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பின்னால் போனேன். நூர் அடுத்த மைல்கல் வருவதற்குள் வாந்தி எடுத்தாள். நல்லவேளை, நாயுடு பித்தளைச் செம்பு ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தார். மறு டிரிப்பிலிருந்து எலுமிச்சம் பழமும் சேர்த்து எடுத்துப் போனேன்.

வேலூர்க் கோட்டையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுற்றிலும் அகழி, அதில் பச்சைத் தண்ணீர். உள்ளே கச்சேரிகள் என்று சொல்லும் சர்க்கார் ஆபீஸ்கள். நடுவில் ஒரு பெரிய சிவன் கோயில். அப்போது அதில் சாமி கிடையாது. வெகு காலத்துக்கு முன்பே சத்துவாச்சாரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பூசை இல்லாத கோயில் ஆகையால் எந்த மதத்துக்காரரும் போய்ப் பார்க்கலாம். கல்யாண மண்டபத்துத் தூண் ஒவ்வொன்றிலும் யாளியும் குதிரையும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

நான் முன்னால் போய், மண்டபத்து நிழலில் படுத்திருந்த இரண்டு பேரை எழுப்பி, "கோஷா பொம்பளைங்க வர்றாங்க, கொஞ்சம் வெளியே இருங்கண்ணே" என்று சொல்லி அனுப்பினேன். பிறகு கையசைத்தேன். ஜைனப் பீயின் தம்பி வண்டியிலேயே இருந்துவிட, பெண்கள் இருவரும் வந்தார்கள். தூணைப் பார்த்தார்கள், "ம்" என்றார்கள். புர்காவின் வலைத்துணி வழியாக எவ்வளவுதான் தெரியும்?

"மேல பாருங்க பீபிம்மா. கூரையில கிளி இருக்குது" என்றேன்.

நடுக்கூரையில் ஒரு கல் தாமரை. அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும், தாமரையைக் கொத்த வருவதுபோல. ஜைனப் பீ தலையைத் தூக்கினார். தெரியவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். சட்டென்று முகத்திரையை எடுத்துப் பின்னால் போட்டார். அகலமான முகம், கன்னத்தில் ஒரு மரு, வெற்றிலை போட்ட சிவந்த வாய். அந்த வாய் சின்னப் பிள்ளையைப் போலத் திறந்திருந்தது.

"யா அல்லா! கல்லுல செஞ்சானா இத்த? நூரு, எடுடி அந்தத் துணிய, பாரு!"

நூரும் எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கச்சேரிக் குமாஸ்தா ஒருவர் டிபன் பாத்திரத்தோடு நேராக மண்டபத்துக்குள் வந்தார். என் கையில் குடை இருந்தது. அதை விரித்து இரண்டு முகத்துக்கும் முன்னால் பிடித்தேன். குடையின் மறுபக்கம் நின்று அவர் கேட்டார்:

"மண்டபத்துக்குள்ள எதுக்கும்மா குடை?"

"மேல கிளி இருக்குதுங்களே" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போனார். குடைக்குப் பின்னால் ஜைனப் பீ சிரித்த சிரிப்பில் புர்கா குலுங்கியது. எனக்கு வேலை நிரந்தரமானது அந்தச் சிரிப்பால்தான் என்று பிற்பாடு நாயுடு சொன்னார்.

2. வண்டியில் இருக்க வேண்டியவை

அதற்குப் பிறகு மாதத்துக்கு நாலைந்து டிரிப் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எல்லா ஊரிலும் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பிக்கொண்டார்கள். நாயுடுவும் கோவிந்தனும் இதற்குக் கோஷா டிரிப்பு என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

இந்த வேலையை ஒருவரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வண்டியில் கூஜாத் தண்ணீர், செம்பு, எலுமிச்சம்பழம், பெரிய கறுப்புக் குடை, இரண்டு படுக்கை விரிப்பு, சேஃப்டி பின் இவை இல்லாமல் கிளம்பக் கூடாது. விரிப்பு உட்காருவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினால் அதுவே சாப்பாட்டு அறை. வழியில் டயர் பஞ்சரானால் டிரைவர் வேலை செய்கிற பக்கம் அதையே திரையாகக் கட்ட வேண்டும். லாங் பஜாரில் பெண்களை இறக்கவே கூடாது. கைவண்டியும் மூட்டைக்காரர்களும் இடிப்பார்கள். வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நான் போய்க் கடைக்காரரிடம் சொன்னால், அவர் புடவைக் கட்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வண்டிக்கே வருவார். திரைக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாக உள்ளே நீட்டுவார். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும்.

"எந்தக் கையும்மா இத்த வேணாம்னுச்சு? வளையல் போட்ட கையா, போடாத கையா?" என்று ஒரு தடவை ஒரு கடைக்காரர் நொந்துபோய்க் கேட்டார்.

கோவிந்தனோடு ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை வரும். கோட்டையில் இருந்த மகால்களைப் பற்றி அவர் ரயில் பயணிகளுக்குச் சொல்லும் கதைகள் பயங்கரமானவை. அகழியில் முதலை, சுரங்கத்தில் புதையல், இரவில் அழும் ராணி எல்லாம் வரும். அவற்றைப் பெண்களிடம் சொல்லக் கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். பெண்கள் அதற்குப் பதில் வேறு கேள்வி கேட்டார்கள். திப்புவின் வீட்டுப் பெண்களைச் சிறை வைத்திருந்த மகாலின் வெளிச்சுவரைக் காட்டியபோது ஜைனப் பீ கேட்டது இது: "இத்தினி பேரையும் இங்க வச்சிருந்தா சமையல் யாரு பண்ணாங்க? தண்ணி எங்கருந்து வந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. கோவிந்தனுக்கும் தெரியவில்லை. முதலையைத்தான் தெரியும்.

ஜைனப் பீயின் தம்பி இரண்டு டிரிப்புக்கு மேல் வரவில்லை. "எஸ்தரம்மா இருக்குதில்ல, போதும்" என்று ஹாஜியாரே சொல்லிவிட்டார். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது. அதே நம்பிக்கைதான் பிறகு என்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்டது.

3. ஜைனப் பீ கேட்ட இடம்

ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வண்டி கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை யாரும் கேட்பதில்லை. அன்று ஜும்மா தொழுகை, ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், விருந்து சமையல் இருக்கும். சமையலை முதல் நாளே பாதி முடித்துவிட்டு மாமியாரும் மருமகளும் விடியற்காலையில் ஏறிவிட்டார்கள். கோட்டைக்கு வெளியே இருக்கும் திப்பு வீட்டுப் பெண்களின் சமாதிகளுக்குப் போக வேண்டும் என்று ஜைனப் பீ கேட்டிருந்தார்.

சமாதிகளில் ஆள் இல்லை. ஜைனப் பீ நின்று ஃபாத்திஹா ஓதினார். பிறகு வேப்பமர நிழலில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

"எஸ்தரு, ராஜா கோட்டைய காட்டினே. ராணிங்க சமாதிய காட்டினே. நான் ஒரு எடம் கேக்கறேன், காட்டுவியா?"

"சொல்லுங்க பீபிம்மா. விரிஞ்சிபுரம் கோயிலா? ஆர்க்காட்டு டெல்லி கேட்டா?"

"எங்க தோல் ஷாப்பு."

நூர் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி என்று தெரிந்தது.

ஹாஜியார் வீட்டுப் பெண்கள் தோல் ஷாப்புக்குப் போவது என்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அங்கே குழியில் இறங்கி வேலை செய்கிறவர்கள் இடுப்புத் துணியோடு நிற்பார்கள். பச்சைத் தோல் நாற்றம் ஊர் எல்லைக்கே வரும். கௌரவமான வீட்டு ஆண்களே ஆபீஸ் ரூமைத் தாண்டி உள்ளே போகமாட்டார்கள்.

"வேணாம் பீபிம்மா. ஹாஜியாருக்குத் தெரிஞ்சா..."

"இன்னிக்கு ஜும்மா. ஷாப்பு லீவு. ஆம்பளைங்க எல்லாம் பள்ளிவாசல்ல இருப்பாங்க. அதுக்குத்தானே வெள்ளிக்கிழமையாப் பாத்து வண்டி கேட்டேன்." வெற்றிலையை மடித்தார். "இங்க பாரு எஸ்தரு. என் காதுல கெடக்கற கம்மலு, இவ கழுத்துல கெடக்கற சங்கிலி, பசங்க படிப்பு, எல்லாம் அங்கருந்து வருதுன்றாங்க. கல்யாணமாகி வந்த நாளா அவரு சட்டையில அந்த வாசனைய மோந்துட்டிருக்கேன். கண்ணால பாத்ததில்ல. ஊர்ல இருக்கற கோட்டையெல்லாம் பாத்தாச்சு. நம்ம கோட்டைய பாக்க வேணாமா?"

என் மகளின் போர்டிங் நினைவுக்கு வந்தது. இந்த வேலை போனால் அவள் படிப்பும் போகும். கோவிந்தனுக்கோ வீட்டில் ஆறு வாய். எழுந்து போய் அவரிடம் சொன்னேன். அவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நான் வண்டி ஓட்டறவன் எஸ்தரம்மா. நிறுத்தச் சொன்ன எடத்துல நிறுத்துவேன். ஆனா ஆம்பூர்ல மோட்டாரு நின்னா ஊரே வந்து சுத்திப் பாக்கும். ரோட்டுல நிறுத்த முடியாது. புளியந்தோப்புல வுட்டுட்டு நீங்க நடந்துதான் போவணும்."

இதற்கு அர்த்தம் அவர் சம்மதித்துவிட்டார் என்பதுதான். முடிவு என் கையில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஜைனப் பீ வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமாதியைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தவரை, ஊர் எல்லையில் இருக்கும் சொந்த இடத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சீக்கிரம் கெளம்பலாம் பீபிம்மா. தொழுகை முடியறதுக்குள்ள வெளியே வந்துடணும்" என்றேன்.

4. ஆவாரம் பட்டை

புளியந்தோப்பிலிருந்து தோல் ஷாப்புக்கு நடக்கும் தூரம்தான். காவல்காரர் தொழுகைக்குப் போயிருந்தார். கேட் சும்மா சாத்தியிருந்தது. உள்ளே நாலைந்து பெண்கள் மட்டும் ஆவாரம் பட்டையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடையாது போலிருக்கிறது. அவர்களில் மூத்தவள், உயரமான கறுத்த பொம்பளை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். பேர் குப்பம்மா.

"யாரும்மா நீங்க?"

"வேலூர்லருந்து வர்றோம். தோல் ஷாப்பு எப்டி இருக்கும்னு பாக்க ஆசைப்பட்டாங்க" என்றேன். வேலூரிலிருந்து வருகிறோம் என்பது உண்மைதானே.

குப்பம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கோட்டை கெடக்குது, மலை கெடக்குது, இத்த பாக்கவா வந்தீங்க? வாங்க, வாங்க. மூக்க மட்டும் பொத்திக்கங்க தாயி."

பிறகு அவள் சுற்றிக் காட்டிய மாதிரி நான் ஒரு நாளும் யாருக்கும் கோட்டையைச் சுற்றிக் காட்டியதில்லை. உப்புப் போட்ட பச்சைத் தோல் வந்து இறங்கும் இடம், அதை ஊற வைக்கும் தொட்டி, மயிர் கழலச் சுண்ணாம்பில் போடும் குழி, மரக்கட்டைமேல் விரித்துச் சவ்வு சீவும் இடம், ஆவாரம் பட்டைத் தண்ணீரில் தோல் நாள்கணக்காகக் கிடக்கும் பழுப்புக் குழிகள், கடைசியில் கடுக்காய்த் தண்ணீர், எண்ணெய் தடவிக் காயப்போடும் நீளக் கொட்டகை. "இதெல்லாம் மெட்ராஸ் போயி, கப்பல் ஏறி, சீமைக்குப் போவுதாம். வெள்ளக்காரன் கால்ல போட்டுக்குறானாம். எங்க கால பாருங்க, செருப்பு கெடையாது" என்று சொல்லி அதற்கும் சிரித்தாள்.

ஜைனப் பீ முகத்திரையைத் தூக்கிவிட்டிருந்தார். ஆண்கள் யாரும் இல்லையே. காயப்போட்டிருந்த ஒரு தோலின் பக்கத்தில் போய் அதை மூக்கில் வைத்து மோந்தார். கண் கலங்கியது. "இதுதான், இதே வாசனைதான்" என்றார் என்னிடம், ரகசியமாக.

நூர் குழி ஓரத்தில் எட்டிப் பார்க்கப் போனாள். கல் வழவழப்பு. கால் வழுக்கிவிட்டது. நான் கத்துவதற்குள் குப்பம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். சுண்ணாம்புக் குழி அது. விழுந்திருந்தால் கண்ணும் போயிருக்கும், தோலும் போயிருக்கும். நூர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய வெள்ளைப் புர்காக் கையில் குப்பம்மாவின் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருந்தன.

"கொஞ்சம் தண்ணி குடும்மா, பொண்ணுக்கு" என்றார் ஜைனப் பீ. எங்கள் கூஜா வண்டியில் இருந்தது.

குப்பம்மா தயங்கினாள். "எங்க தண்ணி நல்லா இருக்காது தாயி" என்று சொல்லிக்கொண்டே மண்பானையிலிருந்து மொண்டு வந்தாள். நூர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். ஜைனப் பீ வாங்கிக் குடித்துப் பார்த்தார்.

"இன்னா இது, உப்பா கரிக்குது?"

"கெணத்துத் தண்ணி. தோல் கழுவி ஊத்தற உப்பெல்லாம் எங்க போவும்? அதுலதான் எறங்குது. மேல, ஆத்துல ஊத்து தோண்டினா தேனாட்டம் தண்ணி. போயி எடுத்துட்டு வர நேரம் வுடமாட்டாங்க."

"மொதலாளிய கேக்கலியா?"

"கேட்டோமே. ஒரு மாட்டு வண்டியில பீப்பா வச்சு தெனம் ஒருவாட்டி கொண்டாந்து குடுங்கன்னு கேட்டோம். மொதலாளி நல்ல மனுசரு. அவரு சரின்னுதான் சொன்னாரு. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னாரு. அப்றம் வந்து, வீட்ல ஒத்துக்கலன்னுட்டாரு." குப்பம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவரு சம்சாரம் ரொம்பக் கெட்டியாம், கைய வுட்டு ஒரு காசு எறங்காதாம். புள்ள பெத்தவளுக்கு லீவு கேட்டப்பவும் அந்தம்மாதான் கூடாதுன்னுடுச்சாம். பாவம், அந்த மனுசரு இன்னா பண்ணுவாரு?"

நூர் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"அந்தம்மா பேரு இன்னா?" என்று கேட்டார் ஜைனப் பீ.

"பேரு யாருக்குத் தெரியும்? நாங்க கெட்டி பீபின்னு சொல்லுவோம்."

ஜைனப் பீ மறுபடி ஒரு வாய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். முகத்திரையை இறக்கிக்கொண்டு, "போலாம் எஸ்தரு" என்றார்.

புளியந்தோப்புக்கு வந்து வண்டியில் ஏறினோம். ஊருக்குள் நுழையும்போது ஜைனப் பீ கேட்டார்: "நூரு, நான் கெட்டியா?"

"சமையலுக்குப் புளி எடுத்துக் குடுக்கறதுல கொஞ்சம் கெட்டிதான், மாமி."

ஜைனப் பீ அழுதுகொண்டே சிரித்தார். முன்னால் கோவிந்தன் ஒன்றும் கேட்காதவர் போல ஆரனை அழுத்திக்கொண்டே போனார்.

5. திரைக்குப் பின்னாலிருந்து

மூன்றாம் நாள் ஆம்பூரிலிருந்து ஆள் வந்தது. நாயுடுவும் எஸ்தரும் உடனே வர வேண்டுமாம். நான் நடந்ததை நாயுடுவிடம் சொன்னேன். அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மோட்டாரு வாங்கின கடனே இன்னும் நிக்குது. நீ அந்தம்மாவ தாஜ்மகாலுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாலும் பரவால்லியே, எஸ்தரு!"

ஹாஜியார் முன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, பருத்த உடம்பு, மெதுவாகப் பேசுகிறவர். உள்வாசலில் திரை தொங்கியது. அவர் முன்னால் இருந்த மேஜையில் நூரின் புர்கா மடித்து வைத்திருந்தது. கைப்பகுதி மேலே தெரிந்தது. ஐந்து விரல் கறை.

"வண்ணான் போட்டு அடிச்சும் போவலைன்னான். எப்டிப் போவும்? அது ஆவாரம் பட்டைக் கறை. நான் அந்தக் கறையிலதான் சோறு சாப்பிடறேன்." என்னைப் பார்த்தார். "வேலூர்க் கோட்டையில ஆவாரம் பட்டை எப்ப வந்துச்சும்மா?"

எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, பீபிம்மாவைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவங்கள கேக்காதீங்க. நான்தான் கூட்டிட்டுப் போவச் சொன்னேன்."

"நீ உள்ள இரு. வெளியாளுங்க இருக்காங்க."

"உள்ளதான் இருக்கேன். என் கொரலுதான் வெளிய வந்துச்சு." பிறகு, "என் பேரு எனக்கு முன்னாடியே வெளிய போயிடுச்சே. கெட்டி பீபியாம்" என்றார்.

ஹாஜியார் முகம் மாறியது. புர்காவின் மடிப்பைத் தேவையில்லாமல் சரி செய்தார்.

"நீங்க என்னக் கேட்டீங்களா, தண்ணி வண்டி வுடலாமா வேணாமான்னு? புள்ள பெத்தவளுக்கு லீவு குடுக்கலாமான்னு கேட்டீங்களா? நானே நாலு பெத்தவ. நான் வேணாம்னு சொல்லுவனா?"

"அது வியாபாரத்துல சொல்றது, ஜைனப். ஒருத்தர் மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. உன் பேரச் சொன்னா அவங்களும் மேக்கொண்டு பேச மாட்டாங்க. நீயும் வந்து கேக்கப்போறதில்ல."

"கேட்டுட்டனே."

நாயுடு கூரையில் இருந்த உத்திரங்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் பொம்பள இல்லைன்னா நம்ம நூரு சுண்ணாம்புக் குழியில கெடந்திருப்பா. அவ கை அது, அந்தத் துணியில இருக்கறது. இத்தினி நாளா என் பேரச் சொல்லி முடியாதுன்னீங்க. இப்ப அதே பேரச் சொல்லி சரின்னு சொல்லுங்க. உங்க பேரு வேணாம். என் பேரச் சொல்லியே சொல்லுங்க."

ஹாஜியார் சுண்ணாம்புக் குழி விஷயத்தை அப்போதுதான் கேள்விப்பட்டார். விரல் கறையின்மேல் கையை வைத்துக்கொண்டு தலை குனிந்து இருந்தார். அவர் உள்ளே என்ன நினைத்தாரோ, நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது. உதட்டில் மட்டும் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"கெட்டி பீபின்னா சொன்னாங்க?"

"ஆமா."

"அது மட்டும் நான் சொல்லிக் குடுக்கல. அவங்களா வச்சது" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். திரைக்குப் பின்னால் நூரும் சிரிப்பது கேட்டது. சிரித்து முடித்ததும் அவர் திரையின் பக்கம் திரும்பினார். "தப்புதான், ஜைனப். நாளைக்கே பீப்பா வண்டி போவும். லீவும் குடுக்கச் சொல்றேன். வீட்ல சொன்னாங்கன்னே சொல்றேன்."

பிறகு நாயுடுவிடம், "இந்தம்மாவ வேலைய வுட்டு நிறுத்திடாதே. ஆனா இனிமே எங்க போறதா இருந்தாலும் எனக்குச் சொல்லிட்டுப் போவணும்" என்றார்.

"சொல்லிட்டுத்தான் போவோம்" என்றது திரை. "கேட்டுட்டுப் போவோம்னு நான் சொல்லல."

வெளியே வந்ததும் நாயுடு தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டு, எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

6. தண்ணீர் வண்டி

அதற்கப்புறம் நான் வேலை செய்யும் முறை மாறியது. அதுவரை வண்டியில் ஏறுகிறவர்களிடம் கோட்டை, கோயில், சமாதி என்று நானே ஒப்பிப்பேன். பிறகு, "நீங்க எதப் பாக்கணும்?" என்று முதலில் கேட்கத் தொடங்கினேன். பாதிப் பேர் கோட்டை என்பார்கள். ஆனால் வாணியம்பாடிப் பெண் ஒருத்தி, தன் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றாள். இன்னொருத்தி காட்பாடியில் ரயில் கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றாள். எஞ்சின் ஊதியபோது என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. ஊர் சுற்றிக் காட்டும் வேலைக்கு இப்போது படித்த பெண்கள் வருகிறார்கள் என்று கேள்வி. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நமக்குத் தெரிந்ததைச் சொல்வதற்கு முன்னால் வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் கேட்கும் இடம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஜைனப் பீ தோல் ஷாப்புக்குள் மறுபடி போகவில்லை. சில மாதம் கழித்து ஒரு டிரிப் முடிந்து திரும்பும்போது, பாலாற்றங்கரைச் சாலையில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே நின்றது. மேலே பெரிய மரப் பீப்பா. சுற்றிலும் குடத்தோடு பெண்கள். கோவிந்தன் வண்டியை நிறுத்தினார். குப்பம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தாள்.

"வேலூரம்மா! அந்தத் தாயிங்களும் வந்திருக்காங்களா? பாருங்க, தண்ணி வண்டி வந்துடுச்சு. அந்தக் கெட்டி பீபியே மனசு எறங்கி வுடச் சொன்னாங்களாம்."

பச்சைத் திரைக்குள்ளிருந்து ஜைனப் பீ கேட்டார்: "தண்ணி நல்லா இருக்குதா?"

"தேனாட்டம் இருக்குது தாயி. ஆனா வண்டிக்காரன் வெயில் ஏறினப்றம்தான் வர்றான். காத்தாலயே வந்தா தேவலை. அந்தப் பீபிக்கு இத்த யாரு போயிச் சொல்றது?"

திரைக்குள் நூரின் வளையல் ஒலித்தது.

"நான் சொல்றேன்" என்றார் ஜைனப் பீ. "அவங்கள எனக்கு நல்லாத் தெரியும்."